குழந்தைகளுக்கு எந்தக் கடலைக் காட்டுகிறோம்?

தமிழ்நாட்டுக் குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கடல் என்றால் அலைதான். மெரினாவிலோ திருச்செந்தூரிலோ கன்னியாகுமரியிலோ பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு காலை நனைப்பார்கள், ஓடிவரும் அலைக்குப் பயந்து பின்வாங்குவார்கள், சுண்டல் தின்பார்கள், சங்குக் கடையில் பெயர் எழுதிய சிப்பி ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள். இந்த மகிழ்ச்சியில் தவறேதும் இல்லை. ஆனால், ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரை கொண்ட ஒரு மாநிலத்தில் வளரும் பிள்ளை, கடலுக்குள் உயிரோடு இருக்கும் ஒன்றைக்கூட நேரில் பார்க்காமல் பள்ளிப் படிப்பை முடித்துவிட முடிகிறது என்பது பெரிய குறை. மீனை அந்தப் பிள்ளை சந்தையில் பனிக்கட்டியின் மேல் பார்க்கிறது. சங்கைக் கடைத் தட்டில் பார்க்கிறது. ஆமையைக் கைபேசித் திரையில் பார்க்கிறது. கடலோடு உறவு என்று சொல்லத்தக்க எதுவும் இதில் உண்டாவதில்லை. உயிருள்ள கடலைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு ஏற்ற இடம் நம்மிடமே இருக்கிறது. அதைக் காட்டும் முறையைத்தான் நாம் இன்னும் வகுத்துக்கொள்ளவில்லை.

அந்த இடம், கோடியக்கரைக்கும் ராமேசுவரம் தீவுக்கும் இடையே உள்ளடங்கிக் கிடக்கும் பாக் விரிகுடா. இலங்கைத் தீவு கிழக்கே மறித்து நிற்பதால் வங்கக் கடலின் பெரிய அலைகள் இதற்குள் அவ்வளவாகப் புகுவதில்லை. ஆழமும் குறைவு, மிக ஆழமான பகுதிகளே சுமார் 15 மீட்டருக்குள் அடங்கிவிடும். மல்லிப்பட்டினம், மணமேல்குடி, தொண்டி, தேவிபட்டினம், உச்சிப்புளியை அடுத்த அரியமான் என்று நீளும் இந்தக் கரையில், நெடுந்தூரம் நடந்தாலும் நீர் இடுப்பைத் தாண்டாத இடங்கள் பல உண்டு. தனுஷ்கோடிப் பக்கத்தில் வடக்கே இருக்கும் இந்தக் கடலைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வது வழக்கம். ஆனால், அமைதி ஆண்டு முழுவதும் ஒரே பக்கம் தங்கியிருப்பதில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். வாடை இறங்கியதும் வடகடல் கலங்கும், தென்கடல் தணியும். மண்டபம் பகுதியில் இந்த இரண்டு கடல்களுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான் தூரம். காற்றைப் பார்த்துக் கரையை மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைகளை அழைத்துச் செல்ல இவ்வளவு இணக்கமான கடல் இந்தியாவில் வேறு எங்கும் எளிதில் கிடைக்காது.

கடல் அமைதியாக இருப்பது குளிப்பதற்கு மட்டும் வசதி என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே என்ன வாழும் என்பதைத் தீர்மானிப்பதே அந்த அமைதிதான். அலை ஓயாமல் அடிக்கும் கரையில் மணல் புரண்டுகொண்டே இருக்கும். எதுவும் வேர் பிடிக்காது. நீர் கலங்கியிருப்பதால் அடித்தரை கண்ணுக்குத் தெரியாது. வெயில் தரைவரை இறங்கும் ஆழமற்ற, அடங்கிய கடலில்தான் கடற்புல் முளைக்கிறது. அது பாசி அல்ல. வேரும் இலையும் பூவும் விதையும் கொண்ட தாவரம். நீருக்கடியிலேயே பூத்து, நீரின் வழியாகவே மகரந்தம் பரப்புவது. இந்தியாவின் மிகப் பெரிய கடற்புல் படுகைகளில் பாக் விரிகுடாவில் இருப்பவையும் அடங்கும். இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் மீன் குஞ்சும் பெரிய மீன்களின் வாயிலிருந்து தப்பி வளர்வது இந்தப் புல்லுக்குள்தான். கடல் குதிரை வாலால் ஒரு தாளைப் பற்றிக்கொண்டு நிற்பதும் இங்கேதான். கடல் அட்டை மணலை விழுங்கி, அதில் படிந்திருக்கும் மக்கிய பொருளைச் செரித்துக்கொண்டு, மிச்ச மணலை வெளியே தள்ளியபடி நகர்கிறது. அடியில் கண்ணாடி பொருத்திய ஒரு வாளியை நீர்மேல் வைத்து எட்டிப் பார்த்தால் போதும், முழங்காலளவு நீரில் நிற்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு இதில் பாதியாவது கண்ணில் படும். படகோ முக்குளிக்கும் கருவியோ வேண்டியதில்லை. வேண்டியது பொறுமையும், எங்கே பார்ப்பது என்று தெரிந்த ஒருவரின் துணையும்தான்.

இந்தக் கடலின் மிகப் பெரிய உயிர் கடல் பசு. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோவரை கடற்புல் மேயும் பாலூட்டி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டியது. ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே பல ஆண்டுகள் எடுத்துக்கொள்வது. அதனால், ஒன்று செத்தாலும் இழப்பு எளிதில் ஈடாவதில்லை. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை, இந்தியாவின் முதல் கடல் பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. செய்தியைப் படித்ததும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆவுளியாவைப் பார்க்கப் புறப்படத் தோன்றும். இங்கே உறுதியாகச் சொல்லியாக வேண்டும்: அதைப் பார்க்கப் போகக் கூடாது. எண்ணிக்கையில் அருகிப்போன, மனித அரவத்துக்குக் கூசும் விலங்கு அது. தேடிப் படகில் துரத்தினால் மேய்ச்சல் கெடும்; படகின் விசிறியில் அடிபட்டால் உயிரே போகும். ஆனால், அது மேயும் புல்லைப் பார்க்கலாம். மேய்ந்துபோன இடத்தில் வேரோடு புல் அகன்று நீளநீளமாகத் தடம் கிடக்கும். நீர் தெளிந்திருக்கும் நாளில் விவரமறிந்தவர்கள் அதைக் காட்டித் தருவார்கள். ஒரு விலங்கு இருக்கிறது என்று தெரிந்தும் அதன் நன்மைக்காக அதைத் தேடாமல் திரும்புவது, எந்தக் காட்சியைவிடவும் ஆழமாகப் பிள்ளையின் மனதில் தங்கும். நினைத்ததெல்லாம் உடனே திரையில் வந்து நிற்கும் காலத்தில் வளரும் தலைமுறைக்கு இந்தப் பாடம் கட்டாயம் தேவை.

பார்ப்பதால் மட்டும் கடல் காப்பாற்றப்பட்டுவிடுமா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு மன்னார் வளைகுடாவின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளை உள்ளடக்கிய கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று நீருக்குள் மூழ்கிவிட்டன. பல பத்தாண்டுகள் தொடர்ந்து பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததே முதன்மையான காரணம். சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் படகு படகாகப் பவளம் கரைக்கு வந்தது. 2001-இல் பவளம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பிறகும் 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பிறகும்தான் அது ஏறத்தாழ ஓய்ந்தது. அந்தக் கல்லைக் காசு கொடுத்து வாங்கியவர்களில் எத்தனை பேர், அது பல்லாயிரம் சிற்றுயிர்கள் சேர்ந்து கட்டிய வீடு என்று அறிந்திருப்பார்கள்? கல்லாகவே கண்டவர்கள் கல்லாகவே வெட்டினார்கள். வாங்குகிறவர்களுக்கு அறிவு வந்திருந்தால் வெட்டுகிறவர்களுக்கு வேலை குறைந்திருக்கும். சட்டம் தடுக்கும், ஆனால் தாமதமாகத்தான் வரும். முன்கூட்டியே தடுக்கக்கூடியது, சிறுவயதில் உண்டாகும் பழக்கம் மட்டுமே.

இதற்கு நேர்மாறான சான்று சென்னையில் இருக்கிறது. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் மாதங்களில், நள்ளிரவில் கடற்கரை நெடுக நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் சேர்க்கும் பணியை மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு 1988 முதல் செய்துவருகிறது. பெயரிலேயே இருப்பதுபோல் மாணவர்களால் நடத்தப்படும் அமைப்பு அது. வார இறுதிகளில் பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்கிறார்கள். பல கிலோமீட்டர் நடந்தும் ஓர் ஆமையைக்கூடக் காணாமல் திரும்புகிறவர்களே அதிகம். ஆனாலும், ஆண்டுதோறும் பிள்ளைகளோடு வருகிறார்கள். கடற்கரை விளக்கின் ஒளி குஞ்சுகளைக் கடலுக்குப் பதில் சாலைப் பக்கம் இழுத்துவிடும் என்பதையும், மணலின் சூடு எவ்வளவு என்பதைப் பொறுத்தே குஞ்சு ஆணா பெண்ணா என்பது அமையும் என்பதையும் அந்த நடையில்தான் அறிகிறார்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, அவற்றை எண்ணிப் பதிவுசெய்து பொதுமக்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் இத்தகைய தன்னார்வலர்களும் இருந்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் அந்த விவகாரத்தைக் கையிலெடுத்தது. ஒரு நகரம் தன் கரையில் நடந்த சாவுகளைக் கவனித்ததற்கு, அந்தக் கரையில் நடந்து பழகிய மனிதர்கள் அங்கே இருந்ததும் ஒரு காரணம். பாக் விரிகுடாவின் புல்வெளி அழிந்தால் அதைக் கவனிப்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

இந்த இடத்தில் வலுவான மறுப்பு ஒன்று எழும். கூட்டம் சேர்ந்தால் பார்க்கப் போன இடமே அழியும் என்பார்கள். வெறும் அச்சம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. இலங்கையின் காலி நகருக்கு அருகே உள்ள ஹிக்கடுவை, பவளப் பார் அரண்போல் நின்று அலையைத் தடுக்கும் அமைதியான கடற்கரை. பிள்ளைகளோடு போய்ப் பவளத்தையும் வண்ண மீன்களையும் பார்க்க அதைவிட எளிய இடம் கிடையாது என்று பெயர் பெற்றிருந்தது. 1979-இல் கடல் சரணாலயம் ஆனது. 2002-இல் தேசியப் பூங்கா ஆனது. இடைப்பட்ட காலத்தில் அடியில் கண்ணாடி பொருத்திய படகுகள் பெருகின. ஆழமற்ற நீரில் அவை பவளத்தின் மேலேயே உரசி ஓடின. நீரில் இறங்கியவர்கள் பவளத்தின் மேலேயே நின்று இளைப்பாறினார்கள். ஏற்கெனவே நொந்திருந்த அந்தப் பவளத்தில் பெரும்பகுதி, 1998-இல் கடல் சூடேறியபோது வெளிறிச் செத்தது. இன்றும் அங்கே கரையோரம் வரும் பேராமைகளுக்குப் பயணிகள் கையால் பாசி ஊட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பலகையில் பாதுகாப்பு என்று எழுதிவைத்துவிட்டு, வருகிறவர்களின் எண்ணிக்கைக்கும் நடத்தைக்கும் வரம்பு வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் பக்கத்து நாட்டுக் கடற்கரை இப்படிக் காட்டுகிறது.

அதே தவற்றில் தொடங்கி வேறு முடிவுக்கு வந்த கடற்கரையும் உண்டு. ஹவாய் தீவுக்கூட்டத்தின் ஓவாஹூ தீவில் உள்ள ஹனவ்மா விரிகுடா, எரிமலை வாய் ஒன்றின் சுவர் உடைந்து கடல் உள்ளே புகுந்ததால் உண்டான அமைதியான நீர்நிலை. 1967-இலேயே பாதுகாக்கப்பட்ட பகுதி ஆனது. ஆனாலும், 1980-களின் இறுதியில் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் பேர் அங்கே வந்தார்கள். மீன்களுக்கு ரொட்டியும் பட்டாணியும் போட்டார்கள், பவளத்தை மிதித்தார்கள், நீர் கலங்கிப்போனது. 1990-இலிருந்து நகர நிர்வாகம் ஒவ்வொன்றாகக் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. வண்டிகளுக்கு வரம்பு வந்தது; மீனுக்குத் தீனி போடுவது தடுக்கப்பட்டது; வாரத்தில் விடுமுறை நாள் வந்தது, இப்போது அது இரண்டு நாள். 2002-இல் திறந்த கல்வி மையத்தில், முதன்முறை வருகிறவர்கள் ஒன்பது நிமிடப் படம் ஒன்றைப் பார்த்த பிறகே கரைக்கு இறங்கலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. பெரியவர், சிறியவர் என்ற வேறுபாடு இல்லை. பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பும், ஹவாய்க்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு முன்பதிவும் கட்டாயமாயின. அந்த விரிகுடா இன்றும் குடும்பங்கள் செல்லும் இடமாகவே இருக்கிறது. ஹிக்கடுவைக்கும் ஹனவ்மாவுக்கும் உள்ள வேறுபாடு பணம் மட்டுமல்ல. வருகிறவர் நீரில் கால் வைப்பதற்கு முன்பே அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும் என்ற தெளிவு ஒரு நிர்வாகத்துக்கு வந்தது, இன்னொன்றுக்கு வரவில்லை. ஆகவே, கூட்டம் அழிக்கும் என்ற மறுப்பு, பிள்ளைகளை அழைத்துச் செல்லக் கூடாது என்பதற்குச் சான்று ஆகாது. வரம்பில்லாமல் அழைத்துச் செல்லக் கூடாது என்பதற்கே சான்று ஆகும்.

வரம்பு என்று வரும்போது, தொடலாமா என்ற கேள்வியில் கல்வியாளர்களே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். தொட்டுப் பார்த்தால்தான் பிள்ளைகள் கற்பார்கள் என்பது ஒரு தரப்பு. களிமண்ணுக்கும் மரப்பட்டைக்கும் அது பொருந்தலாம். நட்சத்திர மீனை நீரிலிருந்து எடுத்துக் கைக்குக் கை மாற்றிப் படம் பிடிக்கும்போது அது மூச்சுக்குத் தவிக்கிறது. அந்தத் தவிப்பு வெளியே தெரிவதில்லை என்பதால் தவிப்பே இல்லை என்று ஆகாது. மேலும், கடலில் தொடுவது இரு பக்கமும் ஆபத்து. அழகான கூம்பு வடிவச் சங்குகள் சிலவற்றுக்குள் இருக்கும் பிராணி விஷ முள்ளைப் பாய்ச்சக்கூடியது. சொறி மீன் உடலில் பட்டால் தீயாக எரியும். ஆகவே, எதையும் கையில் எடுக்காதே என்ற ஒரே விதி பிள்ளையையும் காக்கும், பிராணியையும் காக்கும். காலியாகக் கிடக்கும் சங்கை எடுத்தால் என்ன என்று பிள்ளை கேட்கும். துறவி நண்டுக்குச் சொந்தமாக ஓடு கிடையாது. வளர வளரப் பெரிய காலிச் சங்கைத் தேடிக் குடிமாறிக்கொண்டே இருக்க வேண்டும். நாம் எடுத்துவரும் சங்கு ஒன்று, வீடு தேடும் நண்டு ஒன்றுக்குக் கிடைக்காமல் போகிறது. இதை ஒருமுறை நேரில் கண்டுவிட்ட பிள்ளை சங்குக் கடை வாசலில் நின்று அப்பாவிடம் வேறு கேள்வி கேட்கும். ராமேசுவரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் வரும் பயணிகள் வாங்கும் சங்கு சிப்பிகளில் பெரும்பாலானவை, ஏற்கெனவே காலியாகிக் கரையில் கிடந்தவை அல்ல என்பதை வாங்குகிற பெற்றோரும் யோசிக்க வேண்டும்.

பெற்றோரைத் தயங்கவைப்பது பாதுகாப்பு. கடலில் மூழ்கிப் பிள்ளைகள் இறந்த செய்தி வராத கோடை நம் மாநிலத்தில் இல்லை. அந்தச் செய்திகளில் பல, இழுவை நீரோட்டம் உள்ள, அலை மிகுந்த கரைகளிலிருந்து வருபவை. அந்தக் கரைகளில்தான் நாம் பிள்ளைகளைத் தயங்காமல் இறக்கிவிடுகிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்காக அடங்கிய கடலில் ஆபத்தே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். சேற்றுத் தரை உள்வாங்கும்; படகுக் கால்வாயாக வெட்டிய பள்ளம் திடீரென்று வரும்; மணலுக்குள் புதைந்திருக்கும் திருக்கையை மிதித்தால் வால் முள் ஏறும். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துத் தேய்த்து நடந்தால் திருக்கை அதிர்வை உணர்ந்து விலகிப்போகும் என்பது மீனவர்கள் எல்லோரும் அறிந்தது. நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தராதது. முழங்காலுக்கு மேல் நீரில் இறங்குவதில்லை, ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், காலில் கட்டாயம் பழைய காலணி, வெயில் ஏறும் முன் கரையேறுவது, உள்ளூர் நீச்சல்காரர் ஒருவர் எப்போதும் ஆழப் பக்கம் நிற்பது என்ற அளவில் ஏற்பாடு இருந்தால், பள்ளிச் சுற்றுலாக்களில் இப்போது நடக்கும் எந்தக் கடற்குளியலையும்விட இது பாதுகாப்பானது. கடலைப் பற்றிய பயம் போக வேண்டியதில்லை. காரணம் தெரிந்த பயமாக அது மாறினால் போதும்.

இன்னொரு தயக்கம் மீனவர்கள் பக்கத்திலிருந்து வரும். அதைக் கூடுதல் மரியாதையோடு கேட்க வேண்டும். கடற்கரை அவர்களுக்குக் காட்சி இடம் அல்ல. வலை உலர்த்துவதும் படகு ஏற்றுவதும் கருவாடு காயவைப்பதும் அங்கேதான். சுற்றுலா என்ற பெயரில் விடுதிகளும் கடைகளும் வந்து, படிப்படியாக மீனவர்கள் தங்கள் கரையிலேயே அந்நியராகிப்போன ஊர்கள் உலகெங்கும் உண்டு. அதனால்தான் இந்த ஏற்பாட்டில் வழிகாட்டிகள் அவர்களாகவே இருக்க வேண்டும், வருமானமும் அவர்கள் கைக்கே போக வேண்டும், எந்த நாளில் எந்தக் கரை என்று முடிவெடுக்கும் அதிகாரமும் அந்தந்த ஊரிடம் இருக்க வேண்டும். அந்தத் தகுதி அவர்களுக்கு உண்டா என்று கேட்பவர்கள், ராமேசுவரம் தீவில் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். கடலில் மூழ்கிப் பாசி சேகரித்துப் பிழைக்கும் அவர்கள், பாசி மீண்டும் வளர்வதற்காக மாதத்தில் 12 நாள் மட்டுமே இறங்குவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டவர்கள். வலையில் தவறிச் சிக்கிய ஆவுளியாவை, வலையை அறுத்துக் கடலில் விட்ட மீனவர்கள் பாக் விரிகுடாவில் பலர் உண்டு; வனத்துறை அவர்களைப் பாராட்டிப் பரிசளித்திருக்கிறது. வலை அறுந்தால் அவர்களுக்கு எவ்வளவு இழப்பு என்பது கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் முன்னால் நின்று கடலைப் பற்றிப் பேச இதைவிடப் பெரிய தகுதி என்ன வேண்டும்? தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகுப் பயணம் நடத்திவருகிறார்கள். ஊரைச் சேர்த்துக்கொண்டு இதைச் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று.

நகரத்தில் மீன்காட்சியகம் இருக்கும்போது இவ்வளவு தொலைவு எதற்கு என்றும் சிலர் கேட்கக்கூடும். காட்சியகத்தில் மீன் தெளிவாகத் தெரியும், வெயில் இல்லை, ஆபத்து இல்லை, நேரமும் மிச்சம் என்பதெல்லாம் சரி. ஆனால், கண்ணாடித் தொட்டியில் ஒரு பிள்ளை பார்ப்பது மீனை மட்டுமே. அந்த மீன் எந்தப் புல்லில் ஒளியும், எதற்குப் பயப்படும், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நீர் கூடுதலாக வற்றும்போது எங்கே போகும், ஆற்று வாயில் கழிவு கலந்தால் என்னவாகும் என்பதைத் தொட்டி சொல்லாது. அங்கே வண்ணத்துக்காக வைக்கப்படும் மீன்களில் பல தொலைதூரக் கடல்களைச் சேர்ந்தவை. நம் பிள்ளைக்கு நம் கடலின் ஓராவும் பாறையும் கொடுவாவும் தட்டில் வரும் குழம்பாகவே நின்றுவிடுகின்றன. காட்சியகம் பயனற்றது என்று சொல்லவில்லை. நடக்க முடியாத பிள்ளைகளுக்கும் மழைக் காலத்துக்கும் அது நல்ல துணை. கடலுக்கு மாற்றாக அதை வைக்க முடியாது என்பதே வாதம்.

செலவு பற்றிய கேள்விக்கு மட்டும் எளிய விடை இல்லை. தருமபுரியிலும் திருவண்ணாமலையிலும் படிக்கும் பிள்ளைக்குப் பாக் விரிகுடா வெகுதூரம். எல்லாப் பிள்ளைகளையும் உடனே கொண்டுவந்துவிட முடியாது. தொடக்கம் கடலோர மாவட்டங்களாக இருக்கட்டும். கடலோரப் பிள்ளைகளுக்கு எதற்கு, அவர்கள் தினமும் பார்ப்பதுதானே என்ற எண்ணம் தவறு. படகுத் துறையும் ஏலக் கூடமும் அவர்களுக்குப் பழக்கம்; நீருக்கடியில் இருப்பதை உற்றுப் பார்க்க அவர்களுக்கும் யாரும் வாய்ப்புத் தந்ததில்லை. தவிர, தங்கள் தாயும் தாத்தாவும் அறிந்து வைத்திருக்கும் காற்று, நீரோட்டம், மீன் இனம் பற்றிய அறிவு பள்ளிக்கூடத்தில் பாடமாக மதிக்கப்படுவதை அந்தப் பிள்ளைகள் ஒருமுறையாவது காண வேண்டும். படித்து முன்னேறுவது என்றால் கடலை விட்டு விலகுவது என்று மட்டுமே அவர்களுக்குச் சொல்லிவந்திருக்கிறோம். மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இன்றும் இயங்குகிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. ஆய்வாளர்களும் மீனவர்களும் ஒரே நாளில் ஒரே பிள்ளைக் கூட்டத்தோடு நிற்பது, அந்த இரு தரப்புக்குமே நல்லது.

அரசு இப்போது செய்ய வேண்டியது பெரிய கட்டடங்களில் தொடங்குவது அல்ல. தஞ்சாவூர் மாவட்டம் மனோராவில் கடல் பசுப் பாதுகாப்பு மையம் அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது, வரவேற்க வேண்டியதுதான். அது திறக்கப்படும் நாளில், அதன் வாசலுக்கு வருகிற ஆயிரக்கணக்கானவர்கள் அடுத்து எங்கே போவார்கள் என்பதை இப்போதே முடிவுசெய்ய வேண்டும். இல்லையென்றால் அவர்கள் படகு கேட்பார்கள், படகு வரும், ஆவுளியாவின் மேய்ச்சல் நிலத்தில் ஹிக்கடுவையின் கதை மீண்டும் நடக்கும். பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் மேய்ச்சல் படுகையிலிருந்து விலகிய சில கரைகளை மட்டும் கல்வித்துறை, வனத்துறை, மீன்வளத்துறை மூன்றும் மீனவ ஊர்களோடு கலந்து தேர்ந்தெடுக்க வேண்டும். நாளுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும், வாரத்தில் கரைக்கு ஓய்வு நாளும், நீரில் இறங்கும் முன் அரை மணி நேரப் பாடமும் கட்டாயமாக வேண்டும். ஊர்ப் பெண்களிலும் ஆண்களிலும் வழிகாட்டிகளைத் தேர்ந்தெடுத்து, தினக்கூலியாக இல்லாமல் மாதச் சம்பளத்தில் அமர்த்த வேண்டும். முதல் ஆண்டு நாகப்பட்டினம் முதல் தூத்துக்குடிவரை உள்ள கடலோர அரசுப் பள்ளிகளின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் போய்வரட்டும். இதற்கு ஆகும் செலவு பேருந்துக் கட்டணமும் சில நூறு பேரின் சம்பளமும்தான். அடுத்த கல்வியாண்டின் நாட்காட்டியிலேயே இதற்கான நாளைக் கல்வித்துறை குறிக்க வேண்டும்.